முகமன் தாண்டாத ஓடை

மலையடிப்பட்டி, இராஜபாளையம்
3 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய திருமதி ஹெப்சிபா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மூத்த சகோதரர் ஐயாதுரையின் மனைவி பரிபூரணம் எழுதும் மின்னஞ்சல். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மே மாதத்திற்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை என்பதால் இதைத் தொலைபேசியில் தெரிவிக்க இயலவில்லை. தங்கள் அழைப்புகளை நான் ஏற்காமல் இருப்பதும் அக்காரணம் பற்றியே.

விஷயம் இதுதான். 'நன்றி நவில்கின்றேன்' என்னும் என் வலைப்பூவை இம்மாத இறுதியோடு மூடிவிடத் தீர்மானித்திருக்கிறேன். அதைத் திறந்து கொடுத்தவர் தாங்கள். கணக்கு தங்கள் பெயரில் இருக்கிறது. எனக்கு எழுதும் உரிமை மட்டுமே உண்டு, மூடும் அதிகாரம் இல்லை. ஆகவே முறைப்படி விண்ணப்பிக்கிறேன்.

காரணத்தையும் கூறிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒரு மடல் எழுதி வந்தேன். ஒவ்வொன்றும் எனக்கு நன்மை செய்த ஒரு மனிதருக்கான நன்றி மடல். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் என் கேழ்வரகைப் போடுமுன், தன் சொந்தக் கோதுமையில் ஒரு கை அள்ளிப் போட்டு ஓட்டி, காரத்தை வெளியேற்றிவிடும் மாவுமில் மாரிசெல்வத்திற்கு எழுதினேன். ஏறிய பெண்கள் இருக்கையில் அமரும்வரை விசில் ஊதாத நடத்துநர் சுந்தரபாண்டியனுக்கு எழுதினேன். இவர்களைப் பற்றி வேறு எவரும் எழுதப்போவதில்லை என்பதாலேயே எழுதினேன்.

நேற்றுத்தான் பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் பக்கத்தைத் திறந்தேன். சென்ற மாதம் முழுவதும் நான்கு வருகைகள். நான்கு முறையும் எழுத்துப்பிழை பார்க்க உள்ளே சென்றவள் நானே.

கேட்க ஆளில்லாத மேடையில் நின்று பேசுவது எனக்குப் புதிதன்று. அந்த அனுபவத்தை மே மாதம் தங்கள் மகன் விமலின் திருமணத்தில் பெற்றேன். இன்னொரு முறை பெற விரும்பவில்லை.

இங்ஙனம்,
ஐ. பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஆகஸ்ட்

அன்புள்ள மதினி,

'திருமதி ஹெப்சிபா அவர்களுக்கு' என்று பார்த்ததும் கரண்டு பில் கட்ட மறந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். பிறகுதான் உங்கள் பெயரைப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து உங்களிடமிருந்து வந்த முதல் வார்த்தை. திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும் சந்தோஷம்தான்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காமல் போனவர் நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. நீங்கள் வாழ்த்து மடலை வாசிக்கும்போது மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டியது நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

வலைப்பூ விஷயத்துக்கு வருகிறேன். வருகை எண்ணிக்கையை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது உங்கள் பக்கத்தை நேரில் வந்து திறப்பவர்களை மட்டும்தான் எண்ணும். பேப்பர் ஆபீசுக்கே போய் வாசிப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, 'ஊரில் யாருமே பேப்பர் படிப்பதில்லை' என்று சொன்னால் எப்படி? பேப்பர்காரர் வாசலில் போட்டுப் போவதை வாங்கிப் படிப்பவர்கள் எத்தனை பேர்! வலைப்பூவுக்கும் அப்படி ஒரு பேப்பர்காரர் உண்டு. ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பார்கள். நீங்கள் எழுதி வெளியிட்டதும், சந்தா கொடுத்தவர்களின் கைப்பேசிச் செயலிக்கு மடல் தானாகப் போய்ச் சேரும். அவர்கள் உங்கள் பக்கத்துக்கு வரவே வேண்டாம். அதனால் கணக்கிலும் ஏறமாட்டார்கள்.

நான் வைத்திருக்கிற செயலியில் பார்த்தேன். உங்கள் வலைப்பூவுக்கு முப்பத்தோரு பேர் சந்தாதாரர்கள். காசு கிடையாது, ஆனால் விரும்பிச் சேர்ந்தவர்கள். மாதக் கடைசி வரை பொறுங்கள். அதற்குள் மூடச் சொன்னால் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

அண்ணன் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

உங்கள்
ஹெப்சிபா


இராஜபாளையம்
8 ஆகஸ்ட்

திருமதி ஹெப்சிபா அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. தாங்கள் கூறும் ஃபீட்டிற்குத் தமிழில் 'செய்தியோடை' என்றொரு சொல் இருப்பதைக் கண்டறிந்தேன். இத்தனை அழகான சொல் இருக்கையில் மற்றதை எழுதுவானேன்? இனி நம் கடிதங்களில் செய்தியோடை என்றே வழங்குக.

பேப்பர்காரர் உவமை பொருத்தமானதே. ஆனால் ஓர் ஐயம். முப்பத்தொருவர் என் மடல்களைப் பெறுகிறார்கள் என்றால், இரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு வரி எழுதாதது ஏன்? நான் நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அப்போதும் எதிரில் நிற்பவள் தலையையாவது அசைப்பாள்.

ஆகவே ஒரு நிபந்தனை. அந்த முப்பத்தொருவருள் ஒருவராவது என் மடல் ஒன்றை இறுதி வரிவரை வாசித்திருக்கிறார் என்பதை இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நிறுவுக. நிறுவினால் வலைப்பூ தொடரும். இல்லையேல் தங்களுக்குக் கடவுச்சொல் நினைவுக்கு வந்துவிட வேண்டும்.

அவர் மாத்திரை உட்கொள்கிறார். தாங்கள் சொல்லக்கூடாத காரணம் எதுவோ, அதைக் கேட்கும் ஆவல் எனக்கு இல்லை.

ஐ. பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஆகஸ்ட்

அன்புள்ள மதினி,

செய்தியோடை என்றே எழுதுகிறேன், சரிதானே? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். பாதியில் மூடிவிடாதீர்கள்.

நான் தினமும் காலையில் கிருஷ்ணன்கோவிலுக்கு ஏறுகிற பஸ்ஸில் நடத்துநர் யார் தெரியுமா? உங்கள் சுந்தரபாண்டியன்தான். நான் வேலை பார்க்கும் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பழகிய பழக்கம், எதையும் முதலில் ஒருவரிடம் சோதித்துப் பார்ப்பேன். செயலியில் மடலை வாய்விட்டு வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. திங்கட்கிழமை இயர்போனை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணே, ஒங்களப் பத்தி ஒருத்தவுக எழுதியிருக்காக. செத்த கேளுங்க."

"என்னயப் பத்தியா? கம்ப்ளெயிண்டாம்மா?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

காதில் வைத்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டார்.

"என்னம்மா, கட்சிக் கூட்டமா? பெரியோர்களே தாய்மார்களேங்கு. எம் பேரையே காணோம்."

"வரும், இருங்க."

"எங்க வர? அதான் முடிஞ்சு போச்சே. நல்லாத்தான் எழுதியிருக்காக. வணக்கம் வச்சே முடிச்சுப்புட்டாக."

செயலியைத் திறந்து பார்த்தேன். 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய வாசகப் பெருமக்களே, தாய்மார்களே, பெரியோர்களே, இம்மடலைத் தம் பொன்விழிகளால் நோக்கவிருக்கும் நல்லுள்ளங்களே, உங்கள் அனைவரின் திருமுன் இச்சிறியவள் கரங்கூப்பி...' என்று உங்கள் முகமன் போகிறதல்லவா? அந்த இடத்தோடு நின்றுவிட்டது. முந்தின வாரத்து மடலும் அப்படி. அதற்கு முந்தினதும் அப்படித்தான்.

தப்பு என்னுடையது. வலைப்பூவைத் திறக்கும்போது, ஓடையில் மடலை முழுதாக விடுவதா, சுருக்கமாக விடுவதா என்று அமைப்பில் கேட்கும். மேல்வரிகளைப் பார்த்து ஆசைப்பட்டு மீதியைப் படிக்க ஆட்கள் உங்கள் பக்கத்துக்கு வருவார்கள், எண்ணிக்கை கூடும் என்று நினைத்து 'சுருக்கம்' என்று வைத்தேன். சுருக்கம் என்றால் முதல் நானூறு எழுத்து, அவ்வளவுதான். உங்கள் முகமனே அதைத் தாண்டிவிடும். முப்பத்தோரு பேருக்கும் வாரா வாரம் ஒரே வணக்கம்தான் போயிருக்கிறது. நானும் அந்த முப்பத்தோரு பேரில் ஒருத்தி. தலைப்பைப் பார்த்து 'மதினி எழுதிவிட்டார்' என்று சந்தோஷப்பட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே போய் வாசிக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே 'முழுமை' என்று மாற்றிவிட்டேன். மறுநாள் மறுபடியும் அவரிடம் நீட்டினேன். "நேத்தே கேட்டேனேம்மா" என்று அலுத்துக்கொண்டார். கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது. நான் படியில் நிற்கிறேன், கைப்பேசி அவர் கையில். அவர் அசையவில்லை. டிரைவர் முன்னாலிருந்து கத்துகிறார்.

"ஏலே சுந்தரபாண்டி, விசில ஊதுதியா, இல்ல எறங்கி வீட்டுக்குப் போறியா?"

"செத்த பொறுங்கண்ணே. இப்பத்தான் எம் பேரு வந்திருக்கு!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் கைப்பேசியைக் கொடுத்தார். "எந்தூரும்மா அவுக? நான் விசில் ஊதுறதையெல்லாமா ஒருத்தவுக பாத்துக்கிட்டே வருவாக?" என்று கேட்டுவிட்டு, என்னை இறக்கிவிட்டு, பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஊதினார். வழக்கத்தைவிட நீளமாக.

இறுதி வரிவரை ஒருவர் கேட்டாயிற்று. நிபந்தனை நிறைவேறிற்று என்று வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படக்கூடாது. முகமனை மட்டும் ஒரு வரியாகச் சுருக்கிவிடலாமா? செயலியில் தலைப்புக்குக் கீழே முதல் வரிதான் எல்லோர் கண்ணிலும் படும்.

ஹெப்சிபா


இராஜபாளையம்
16 ஆகஸ்ட்

திருமதி ஹெப்சிபா அவர்களுக்கு,

நிபந்தனை நிறைவேறவில்லை. சுந்தரபாண்டியன் அந்த முப்பத்தொருவருள் ஒருவர் அல்லர். அவர் விரும்பி வந்து வாசிக்கவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் போலத் தாங்கள் ஊட்டினீர்கள். ஆயினும் அவர் நீளமாக ஊதிய விசிலுக்காகத் தங்களுக்கு நன்றி. அதை மறுக்கும் அளவிற்கு நான் நன்றி கெட்டவள் அல்லள்.

தாங்கள் கேட்ட இரண்டாவது விஷயத்திற்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு ஆலைக்குப் போனவள் என்பது தாங்கள் அறிந்ததே. தமிழ் எழுத எங்கே கற்றேன் என்பதைத் தாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது கூறுகிறேன். பிறர் வீட்டுச் சுவர்களில் கற்றேன். நம் சபையார் வீடுகளில் திருமணத்தன்று வாசித்து அளித்த வாழ்த்து மடல்களைச் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். நலம் விசாரிக்கப் போனாலும், ஜெபக் கூட்டத்திற்குப் போனாலும் எல்லோரும் நாற்காலியில் அமர்வார்கள். நான் சுவரோரம் நின்று அந்த மடலை வாசிப்பேன். "ஏட்டி, ஒக்காரு. என்னத்தப் போட்டு மொறச்சுப் பாக்குத?" என்பார்கள். 'பெருமதிப்பிற்குரிய', 'இல்லற வாழ்வெனும் நல்லறத்தில்', 'நீடூழி வாழ்கவென' எனும் சொற்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து எழுதிப் பார்ப்பேன். முகமனோடு நின்றுவிடாமல் இறுதியில் அச்சகத்தின் பெயர்வரை வாசித்தவள் நான்.

ஆலையில் எங்களை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அந்த எண்ணும் கிடையாது. ஒரு மனிதரை 'பெருமதிப்பிற்குரிய' என்று அழைக்கலாம் என்பதே எனக்கு அந்தச் சுவர்கள் சொல்லித்தான் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு எழுதுமுன் அவரை முறைப்படி அழைக்கிறேன். அது அலங்காரம் அன்று.

என் வாழ்நாளில் நானே இயற்றி, அச்சிட்டு, சட்டமிட்ட முதல் வாழ்த்து மடல் விமலுடையது. வாசிக்கத் தொடங்கினேன். முகமன் முடியவில்லை. ஒலிபெருக்கி பாண்டிச்செல்வம் தங்கள் கைச்சைகையைப் பார்த்தான்; என் குரல் போயிற்று. உதடு மட்டும் அசைய நான் மேடையில் நின்றதை முந்நூறு பேர் பார்த்தார்கள். இப்போது அறிகிறேன், அதற்கு முன்பிருந்தே செய்தியோடையிலும் தாங்கள் என்னை அதே இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

முகமனைச் சுருக்க இயலாது. வலைப்பூவை மாத இறுதி என்றிராமல் இன்றே மூடிவிடுக.

அந்த மடல் எங்கள் பீரோவின் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

ஐ. பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஆகஸ்ட்

அன்புள்ள மதினி,

மூடவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் என் கல்யாண மடல் தொங்குகிறது. நீங்கள் அதன் முன்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வாரமாக எழுதுவதற்குப் பதிலாக வேலை பார்த்தேன். ஓடையில் போகிற ஒவ்வொரு மடலின் அடியிலும் ஒரு வரி தானாகச் சேரும்படி அமைத்தேன்: 'இறுதிவரை வாசித்த தங்களுக்கு நன்றி. மறுமொழி எழுத விரும்பினால் இம்முகவரிக்கு எழுதுக.' உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் கோபத்தில் திறக்கமாட்டீர்கள் என்று என் முகவரியைக் கொடுத்தேன். செயலி வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓடையை மின்னஞ்சலாகப் போகும்படி செய்தேன். உங்கள் மடல்களுக்கு ஊர் வாரியாகக் குறிச்சொல் போட்டு, மம்சாபுரத்துக்காரர்களுக்கு மம்சாபுரம் மடல்கள் மட்டும், இராஜபாளையத்துக்காரர்களுக்கு அவர்கள் ஊர் மடல்கள் மட்டும் போகிற மாதிரி தனித்தனி வாய்க்கால்களாகப் பிரித்துவிட்டேன். ஓடை ஒன்றுதான், மதினி. இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தேன்.

மாவுமில் மாரிசெல்வத்தின் மகள் விஜி எங்கள் ஆய்வகத்துக்கு வருகிற மாணவி. இராஜபாளையத்து வாய்க்காலில் சேர்ந்து, அப்பாவைப் பற்றிய மடலை வாசித்துக் காட்டியிருக்கிறாள். வந்து சொன்னாள்: "அக்கா, கரண்டு போனாத் தவிர எங்க மில்லு நின்னு நான் பாத்ததில்ல. அப்பா சுவிட்ச அமத்திட்டுல்ல கேட்டாரு! வெளிய நின்ன ஆளுக அம்புட்டுப் பேரும் சத்தம் போடுதாக, 'இந்தா வாரேன், இந்தா வாரேன்'ங்காரு. வரவே இல்ல."

இதையும் ஊட்டிய சோறு என்பீர்கள். சரி. இப்போது முப்பத்தோரு பேருக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. ஸ்டெபின் என்று பெயர். வ. புதுப்பட்டிக்காரர், ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை. அப்படியே கீழே தருகிறேன், ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை:

'அம்மா அவர்களுக்கு, நான் உங்கள் வலைப்பூவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை வணக்கம் மட்டும்தான் வரும். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஆனாலும் நீக்க மனம் வரவில்லை. இங்கே என்னை எல்லோரும் டேய் என்றும் தம்பி என்றும் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தால் ஒருவர் என்னைப் பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரியவரே என்று அழைத்திருப்பார். அதற்காகவே வைத்திருந்தேன். போன வாரம் திடீரென்று வணக்கத்துக்குக் கீழே மடல் வந்தது. இவ்வளவு நாள் கதவைத் தட்டியவர் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோதுமையை அள்ளிப் போடுகிற மில்காரர் மடலைத்தான் முதலில் வாசித்தேன். "காரம் நீங்கிய மாவில் நான் கிண்டிய களி, என் கணவரின் நாவில் உங்கள் நேர்மையாக இனித்தது" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை அம்மாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். வணக்கத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.'

மதினி, நீங்கள் சொன்னதுதான் சரி. முகமனைச் சுருக்கச் சொன்ன என் வாயில்தான் மிளகாய்ப் பொடியைப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வாக்கை மீறப்போகிறேன். அண்ணன் என்னைக் கொன்றாலும் சரி.

அன்றைக்கு அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று சர்க்கரை மாத்திரையை முன்னமே போட்டிருக்கிறார். ஆராதனையும் நீண்டு, பேச்சும் நீண்டுபோயிற்று. நீங்கள் மைக் முன்னால் வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "எந்திரிச்சு வாண்ணே, ஒரு வாய் சாப்பிடு" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அவ வாசிச்சு முடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். மொதமொதல்ல வாசிக்கா" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கண் செருகியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை மதினி. வாசிப்பு நின்றால்தான் எழுந்திருப்பார் என்று பாண்டிச்செல்வத்துக்குக் கை காட்டினேன். நீங்கள் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்ததும் "அவகிட்டச் சொல்லாத, தன்னாலதான்னு நெனச்சுக்குவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் தாம்பூலப் பையைக்கூட வாங்காமல் வாசலில் போய் நின்றுவிட்டீர்கள்.

ஹெப்சிபா


இராஜபாளையம்
27 ஆகஸ்ட்

அன்பு ஹெப்சிபா,

மேலே நான் எழுதிய இரண்டு சொற்களை மறுபடி வாசித்துக்கொள். திருமதியை எடுத்துவிட்டேன்.

உன் மடலை வாசித்ததும் உன் அண்ணனை விசாரணை செய்தேன். அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

"கல்யாணத்தன்னைக்கு ஒங்களுக்கு மயக்கம் வந்துச்சாமே?"

"சொல்லிப்புட்டாளா? அவ வாயில ஒரு சொல்லு தங்காதே!"

"அத மறைச்சுக்கிட்டு என்கூடப் பட்டினியா பஸ்ஸு ஏறுனீயளாக்கும்?"

"பட்டினியா? நானா? சமையக்காரர்கிட்ட அண்டா பக்கத்துல ஒக்காந்து வயிறு முட்டச் சாப்ட்டுட்டுல்ல வந்தேன். பட்டினி கெடந்தது நீ ஒருத்திதான்."

"வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்தேனே, அதையும் சாப்ட்டீய?"

"பொறவு? வேண்டாம்னா கண்டுபிடிச்சிருவியே."

நான் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுக்களைக்குச் சென்று அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் விளங்கிற்று. நான் வாசிப்பதை இறுதிவரை கேட்கவேண்டும் என்று நாற்காலியைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதர் முதல் வரிசையிலேயே இருந்திருக்கிறார். நானோ என் எழுத்துக்கு வாசகர் எவரும் இல்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தேன். அவரை எழுப்பிக் கொண்டுபோய்ச் சோறு போட்ட கைக்கு, மூன்று மாதம் நான் தொலைபேசியை எடுக்கவில்லை.

திரு. ஸ்டெபின் அவர்களுக்கு மறுமொழி எழுதிவிட்டேன். நான்கு பக்கம். அதில் முகமன் மட்டும் ஒரு பக்கம். அவருக்கு அது நியாயமாகச் சேரவேண்டியது.

நிபந்தனை நிறைவேறிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் தீர்ப்பைக் கடிதத்தில் எழுதுவது முறையன்று. முப்பதாம் தேதி சனிக்கிழமை வெளியாகும் மடலில் செய்தியோடை வழியாகவே அறிவிப்பேன். அதன்பொருட்டு உன்னிடம் ஒரு விண்ணப்பம். அன்று ஒரு நாள் மட்டும் ஓடையைப் பழையபடி 'சுருக்கம்' என்று மாற்றி வைக்க இயலுமா? நானூறு எழுத்துகள் என்றாயே, அதில் புள்ளியும் இடைவெளியும் சேருமா? காரணம் கேளாதே. நீ ஒருமுறை காரணம் சொல்லாமல் இருந்தாய். இது என் முறை.

அன்புடன்,
மதினி


ஸ்ரீவில்லிபுத்தூர்
28 ஆகஸ்ட்

மதினி,

மாற்றிவிட்டேன். புள்ளியும் இடைவெளியும் சேரும். இரண்டு வருடம் நான் வெட்டியதற்கு அழுதுவிட்டு இப்போது நீங்களே வெட்டக் கேட்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. விமல் வேறு, "அத்தை எழுதுன மடல் எங்கம்மா? ஒன் மருமக வின்சி கேட்டுக்கிட்டே இருக்கா. சுவத்துல ஆணிகூட அடிச்சிட்டோம்" என்கிறான். அந்த ஆணியில் இப்போது என் கைப்பை தொங்குகிறது.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். சுந்தரபாண்டியனும் கேட்டுவிட்டார், "அவுக அடுத்தது யாரப் பத்தி எழுதுதாக?" என்று.

ஹெப்சிபா


செய்தியோடை: நன்றி நவில்கின்றேன்
30 ஆகஸ்ட் 2025, காலை
தலைப்பு: என் நாத்தனார் ஹெப்சிபாவுக்கு

ஹெப்சிபா, நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் உன் அண்ணனும் உன் வீட்டில் கை நனைக்க வருகிறோம். ஆணியிலிருந்து உன் பையை எடுத்துவிடு. மடலைக் கொண்டு வருகிறேன். முதலில் பந்தி, பிறகே வாசிப்பு. வலைப்பூவை மூடாதே. வெட்டுப்படுமுன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்; இனி முறைப்படி தொடங்குகிறேன். பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய என் நாத்தனாரே, உரிய நேரத்தில் ஒலிபெருக்கியை அணைத்த நல்லுள்ளமே, தங்கள் திருமுன் இச்சிறியவள் கரங்கூ…

மேலும் வாசிக்க